கணினிக்கு ஒலிபெருக்கி வாங்குமுன்

பண்டிகைக் காலத் தள்ளுபடி விற்பனை தொடங்கிவிட்டால் எங்கள் கிளையில் ஒரே கேள்வி பல குரல்களில் எழும். "சார், இந்தக் கார்டுக்கு வட்டியில்லாத் தவணை உண்டா?" கேட்பவரின் கைப்பேசித் திரையில் ஒரு தொலைக்காட்சியோ, குளிர்சாதனப் பெட்டியோ, அண்மைக் காலமாகக் கணினிக்கான ஒலிபெருக்கித் தொகுதியோ மின்னிக்கொண்டிருக்கும். பொருளைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை. கடனைப் பற்றி மட்டுமே விளக்குவோம். இக்கட்டுரையில் அந்த வழக்கத்தைச் சற்றே மீறுகிறேன். கடந்த தீபாவளிக்கு முன் அதே தவணையில் தவறான பொருளை வாங்கியவர்களுள் நானும் ஒருவன்.

மும்பைக்கு மாற்றலாகி வந்தபின் வங்கிக் குடியிருப்பில் எங்களுக்குக் கிடைத்த கூடம் 12 அடிக்கு 10 அடி. அதில் ஒரு மேசை. மேசைமேல் மடிக்கணினியோடு இணைத்த 24 அங்குலத் திரை. எங்கள் தொலைக்காட்சியும் அதுவே, பாட்டுப் பெட்டியும் அதுவே, பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் விளையாட்டுக் களமும் அதுவே. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தந்தையார், தாயார் மறைந்த பிறகு எங்களோடு வந்து தங்கினார். ஞாயிறு மாலையில் நால்வரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கும் பழக்கம் அப்போது ஏற்பட்டது. மொழி தெரியாத ஊரில் அவருக்கு வாரத்தில் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அதுதான்.

அதை இன்னும் சிறப்பாக்க எண்ணி லாமிங்டன் சாலைக்குப் போனேன். கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தின் அருகே, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற தெரு அது. ஒரு கடையில் விற்பனையாளர் ஒரு நடனப் பாட்டை ஒலிக்கவிட்டார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. என் நெஞ்சும் அதிர்ந்தது. பெட்டியின்மேல் 10,000 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஐந்து சிறு பெட்டிகள், ஒரு பெரிய சப்வூஃபர், விலை 12,000 ரூபாய், 12 தவணை. யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு தந்தையார் படம் பார்க்க வரவில்லை. தலைவலி என்றார். அடுத்த வாரம் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார். வற்புறுத்திக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. "சத்தமெல்லாம் நல்லாத்தான் கேட்குதுப்பா. யாரு என்ன பேசுறாங்கன்னுதான் புரியல. ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கச் சங்கடமா இருக்கு."

வணிகவியல் பட்டதாரிக்கு ஒலியியலில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் படிக்க வைத்தது.

பேச்சு எங்கே போயிற்று?

மனிதச் செவி இளமையில் ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைக் கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். பேச்சில் உயிரொலிகளின் வலிமை கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மையோ பெரிதும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் இருக்கிறது. ஆகவே முதியவருக்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. இதனோடு, கனத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை மூடி மறைக்கும் இயல்புடையது. நான் வாங்கிய தொகுதியில் சப்வூஃபரின் முழக்கமே மிகுதி. அவருக்காக ஒலியைக் கூட்டக் கூட்ட முழக்கமும் கூடிற்று. பேச்சு மேலும் புதைந்தது.

அவருக்குச் செவித்திறன் பரிசோதனை செய்தோம். வயதுக்கு இயல்பான குறைவுதான், இப்போதைக்குக் கருவி தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் முதியவர் இருந்தால் ஒலிபெருக்கியை மாற்றுமுன் இந்தப் பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது பிழை முழுக்க என்னுடையது. அதைச் சொல்லுமுன் 2.0, 2.1, 5.1 என்ற எண்களின் பொருளைச் சொல்ல வேண்டும். புள்ளிக்கு முன்னுள்ள எண் சாதாரண ஒலிபெருக்கிகளைக் குறிக்கும். பின்னுள்ள எண் தாழ்ந்த ஒலிக்கென அமைந்த சப்வூஃபரைக் குறிக்கும். இரண்டு பெட்டிகளில் ஒலியைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ முறைக்கு அடித்தளமிட்டவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1931-இல் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். திரையில் நடிகர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்தாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வருகிறதே என்ற குறைதான் அவரைத் தூண்டியது என்பர். அவர் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர் இ.எம்.ஐ. நமது தவணைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வங்கிக்காரன் கண்ணில் அந்த மூன்றெழுத்து தப்பாது, அவ்வளவே. 5.1 என்பது திரையரங்கிலிருந்து வீட்டுக்கு வந்தது. 1992-இல் வெளியான 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டல் முறையில் வந்த முதல் திரைப்படம். முன்னால் இடம், நடு, வலம் என மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ந்த அதிர்வுக்கு ஒன்று. பேச்சு பெரும்பாலும் நடுப்பெட்டிக்கே அனுப்பப்படும்.

அந்த ஆறு தடங்களும் கணினியிலிருந்து தனித்தனியே வெளிவர வேண்டும். அதற்குப் பச்சை, ஆரஞ்சு, கறுப்பு என மூன்று 3.5 மி.மீ. துளைகள் தேவை. மேசைக் கணினிகள் பலவற்றில் இவை உண்டு. என் மடிக்கணினியில் இருந்ததோ ஹெட்போன் மாட்டும் ஒரே ஒரு துளை. அதன் வழியே வந்தது இரண்டு தட ஒலி மட்டுமே. அதையே ஐந்து பெட்டிகளும் பங்கிட்டு முழங்கின. நடுப்பெட்டிக்கென்று தனிப் பேச்சுத் தடம் வரவே இல்லை. ஜன்னலோரம் பின்பெட்டிக்கு அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்த தந்தையாரின் செவியில் அந்தப் பின்பெட்டியே உரக்க ஒலித்தது. ஐந்து பெட்டிகளுக்குப் பணம் கொடுத்து, இரண்டு பெட்டிகள் தரும் தெளிவையும் இழந்திருந்தோம். இணையத்தில் படம் பார்ப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கணினியின் உலாவி வழியே ஓடும் படங்கள் பெரும்பாலும் ஸ்டீரியோவாகவே வந்து சேர்கின்றன.

வாட் என்னும் கணக்கு

10,000 வாட் என்று பெட்டியில் கண்டது பி.எம்.பி.ஓ. என்ற அளவு. கண நேரத்தில் எட்டக்கூடியதாகக் கற்பனை செய்துகொள்ளும் உச்சம் அது. அதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவீட்டு முறை கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட். விற்பனைத் தொகைக்கும் நிகர இலாபத்துக்கும் உள்ள வேறுபாடு என்று வணிகவியல் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

ஆர்.எம்.எஸ். வாட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆற்றலை இரட்டிப்பாக்கினால் ஒலியளவு 3 டெசிபெல் மட்டுமே கூடும். செவிக்கு 'இரு மடங்கு' என்று தோன்ற 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு ஆற்றல் 10 மடங்காக வேண்டும். எடுத்துக்காட்டாக, எடிஃபையர் ஆர்1280டி என்ற 2.0 ஜோடி 42 வாட். லாஜிடெக் இசட்623 என்ற 2.1 தொகுதி 200 வாட். அதே நிறுவனத்தின் இசட்906 என்ற 5.1 தொகுதி 500 வாட். (எண்களை விளக்கவே இப்பெயர்களைச் சொல்கிறேன், பரிந்துரை அன்று.) மற்றவை சமமாயின், 42 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் இடையே செவி உணரும் உரப்பு ஏறத்தாழ இரு மடங்குதான். மேசையருகே மூன்றடி தூரத்தில் அமர்ந்து கேட்பவருக்கு ஒரு வாட்டிலேயே 85 டெசிபெல் அளவுக்கு ஒலி கிடைத்துவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை.

அப்படியானால் யாருக்கு எது? இசைக்கு முன்னுரிமை தருபவர் 2.0 ஜோடியையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. ஒரே விலையில் ஆறு பெட்டிகளுக்குப் பங்கிடும் பணம் இரண்டு பெட்டிகளில் செலவாகும்போது மரப்பெட்டியும் நல்ல ட்வீட்டரும் கிடைக்கும். என் தந்தையார் விரும்பிக் கேட்கும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம் ஒற்றைத் தடப் பதிவு. அதற்கு ஐந்து பெட்டிகளால் ஆவது ஒன்றுமில்லை. கடையில் சோதிக்க ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தைக் கைப்பேசியில் கொண்டு செல்லுங்கள். தொப்பியின் கும்காரம் ஏறி இறங்குவது கேட்கிறதா, அல்லது ஒவ்வோர் அடியும் ஒரே 'தொம்' என்று விழுகிறதா? வலந்தலையின் ஒலி கூர்மையாகப் பிரிந்து வருகிறதா? இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைக்காரர் போடும் பாட்டு அவருடைய சரக்கை விற்பதற்காகத் தேர்ந்தது. அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

படங்களுக்கு 2.1 நல்ல நடுவழி. சப்வூஃபரின் அளவைத் தனியே குறைக்கும் திருகு இருந்தால் மட்டும். அதை அறையின் மூலையில் வைத்தால் முழக்கம் பெருகும். சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். அடுக்குமாடியில் வாழ்வோருக்குத் தாழ்ந்த ஒலி ஓர் அண்டை வீட்டுப் பிரச்சினையும்கூட. அது சுவரையும் தளத்தையும் ஊடுருவிச் செல்லும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்தான் சட்டம் வகுத்த எல்லை. தனி அறை, மூன்று துளையுள்ள கணினி, பின்சுவர் வரை கம்பி இழுக்கப் பொறுமை ஆகியவை உள்ளவருக்கு 5.1 உண்மையிலேயே பெரிய இன்பம், அதை மறுக்கவில்லை.

கணினி விளையாட்டில் அழகைவிடத் திசையும் வேகமும் முக்கியம். எதிரியின் காலடி இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதை நல்ல ஜோடி காட்டிவிடும். முதுகுக்குப் பின்னால் என்பதை 5.1 அல்லது ஹெட்போனே காட்டும். புளூடூத் இணைப்பைத் தவிர்ப்பது நல்லது. அதில் ஒலி 0.2 நொடிவரை தாமதமாகலாம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது, எனவே 0.2 நொடித் தாமதம் என்பது ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளி நிற்கும் திரையின் ஒலியைக் கேட்பதற்குச் சமம். படம் ஓட்டும் செயலிகள் காட்சியையும் தாமதப்படுத்திச் சரிசெய்துகொள்ளும். விளையாட்டில் அது இயலாது. கம்பியே சிறந்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். 'வட்டியில்லாத் தவணை' எனப்படுவதில் வட்டி இல்லாமல் இல்லை. விற்பவர் அதன் அளவுக்கு விலையில் தள்ளுபடி தருகிறார். வட்டி வேறு பெயரில் மறைக்கப்படுவதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என வைத்துக்கொண்டால், 12,000 ரூபாய்ப் பொருளுக்கு அசல் சுமார் 11,080, வட்டி 920, மாதத் தவணை 1,000. அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சுமார் 166 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் எனில் வரியோடு 235. ஆக, வட்டியில்லாக் கடனுக்கு 400 ரூபாய் செலவு. ரொக்கமாகத் தந்தால் கடையில் குறைத்திருப்பாரா என்றும் கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, இம்முறை தந்தையாரையும் அழைத்துக்கொண்டு அதே சாலைக்குச் சென்றேன்; வேறு கடைக்கு. கைப்பேசியில் மூன்று ஒலிப்பதிவுகள் இருந்தன: நாகசுரம், மழைச் சத்தத்தினூடே இருவர் மெதுவாகப் பேசும் ஒரு படக்காட்சி, மகனின் விளையாட்டுத் துண்டு ஒன்று. நான்கு ஜோடிகளைக் கேட்டோம். படக்காட்சியில் பேசியதைத் தந்தையார் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பேரனின் ஏற்பாடு. மூன்றாவது ஜோடியில் ஒரு சொல் விடாமல் சொன்னார். நான்கு அங்குல வூஃபர், தாழ்ந்த ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் தனித்தனித் திருகுகள், 8,500 ரூபாய். சேமிப்புக் கணக்கிலிருந்தே செலுத்தினேன்.

வீட்டில் இரண்டு பெட்டிகளையும் செவி உயரத்துக்கு ஏற்றி வைத்தோம். தந்தையாரின் நாற்காலி ஜன்னலோரத்திலிருந்து திரைக்கு நேராக, இரு பெட்டிகளுக்கும் சம தூரத்தில் வந்தது. தாழ்ந்த ஒலித் திருகைச் சற்றே குறைத்தும் உச்ச ஒலியைக் கொஞ்சம் கூட்டியும் அவரே வைத்துக்கொள்கிறார். எனக்கு அது ஓரளவு கூர்மையாகத்தான் கேட்கிறது. இரவு 10 மணிக்கு மேல் மகன் ஹெட்போனுக்கு மாறிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஞாயிறு மாலை இப்போது படத்தைத் தேர்ந்தெடுப்பவர் தந்தையார்.

பழைய ஆறு பெட்டிகளும் பரணில் இருக்கின்றன. அவற்றின் கடைசித் தவணை வரும் மாதம் 5-ஆம் தேதி கழிக்கப்படும்.