குறுந்தட்டு சேகரிப்போருக்கு

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும், ஆலைப் பணிக்கு ஓய்வு கிடைத்த நாளில் புறநகர் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலை அடையும் சங்கீத ரஸிகர்களில் எத்தனை பேர், தாம் இறங்குமிடம் 1985-இல் அக்கினிக்கு இரையான மூர் மார்க்கெட்டின் ஸ்தலமே என்பதையும், பழைய கிராமபோன் தட்டுகளைத் தேடியலைந்தோர் ஒரு காலத்தில் அங்கேதான் கூடினர் என்பதையும் அறிவார்களோ!

அக்கிராமபோன் தட்டுகளுக்குப் பின், 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, 12 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 74 நிமிஷ சங்கீதத்தை அடக்கி, பீத்தோவனின் ஒன்பதாவது ஸிம்பனியை இடையே தட்டைத் திருப்பாமலே முழுதும் கேட்கும் பாக்கியத்தை அளித்தது. கர்நாடகம், மேனாட்டு இசை, திரையிசை எனப் பலவகையும் சேர்க்க விரும்பி, எங்கே தொடங்குவதென்று மயங்குவோர், தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணமாக 1986-இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்தே தொடங்கலாம்; இரு மரபுகளை அவ்வளவு இயல்பாக இணைத்த தொகுப்பு அபூர்வம் என்பது எம் அபிப்பிராயம்.

சேர்த்த குறுந்தட்டுகளைப் பேணுகையில், எழுத்து அச்சிட்ட மேற்புறத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்; ஒளியைப் பிரதிபலிக்கும் அலுமினியப் படலம் அப்புறத்து மெல்லிய பூச்சின் அடியிலேயே இருப்பதால், அங்கு விழும் ஆழ்ந்த கீறலுக்குப் பரிகாரமில்லை. துடைக்கும்போதும் வட்டமாக அன்றி, மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகவே துடையுங்கள்.