படுதா இல்லாத நாடகம்

நம் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலே ராஜா வேஷக்காரப் பையன் வசனத்தை மறந்து விழித்தானானால், நாம் படுதாவுக்குப் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்போம். அதுவும் பலிக்காவிட்டால் படுதாவை இறக்கி விடுவோம். 1950-களில் இங்கிலாந்தின் டெலிவிஷன் நடிகர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அக்காலத்தில் டெலிவிஷன் நாடகங்கள் பெரும்பாலும் நடிக்க நடிக்கவே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. சினிமாவைப் போல் மறுபடி எடுக்க வழியில்லை. நாடகக் கொட்டகையைப் போல் தெம்பு தரும் கைதட்டலும் இல்லை. ஒரு காட்சி முடிந்ததும் நடிகர் காமிராக்களுக்குப் பின்புறமாக அடுத்த காட்சிக்கு ஓட வேண்டும். இரண்டு கலைகளின் கஷ்டங்களையும் பொறுக்கியெடுத்து ஒன்றாய்க் கட்டி வைத்தாற்போல் நமக்குத் தோன்றுகிறது.

1958 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் நகரத்து டிட்ஸ்பரி ஸ்டூடியோவில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற நாடகம் நடந்து கொண்டிருந்தது. அணுகுண்டு வீழ்ச்சிக்குப் பின் லண்டன் சுரங்க ரயில் பாதையில் சிக்குண்டவர்களின் கதை. அதில் நடித்த கேரத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு நடிகர், வயது 33, இரண்டு காட்சிகளுக்கு நடுவே மாரடைப்பினால் வீழ்ந்து இறந்தார். கதையிலும் அவருடைய பாத்திரத்துக்கு மாரடைப்பு வரவேண்டுமாம்! விதியின் விளையாட்டு என்பதா, வேறென்ன சொல்வது?

உடன் நடித்த பீட்டர் போல்ஸ் பிற்காலத்தில் அதை நினைவு கூர்ந்திருக்கிறார். தம்மை நோக்கி வந்து கொண்டிருந்த தோழர் கீழே விழுந்ததைக் கண்டார்களாம். என்ன நேர்ந்தது என்று தெரியவில்லை. காமிராவோ எதிரே நிற்கிறது. “இன்னார் இங்கிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார்” என்ற பாவனையில், வராதவரின் பேச்சைத் தாங்களே கற்பித்துப் பேசி ஒப்பேற்றினார்கள். டைரக்டர் டெட் கோட்செஃபுக்குத் தயாரிப்பாளர் சிட்னி நியூமன் சொன்ன யோசனை, காற்பந்தாட்டத்தைப் படம் பிடிப்பது போல் பிடி என்பதாம். நாடகம் கடைசி வரை நடந்தது.

நிறுத்தியிருக்கலாகாதா என்று நம் மனம் கேட்கத்தான் செய்கிறது. கேட்பது சுலபம். நிமிஷங்களை எண்ணிக் கொண்டிருந்தவர்களின் நிலை வேறு. ஆயினும் ஒரு மனிதர் இறந்து கிடக்க, சில அடி தூரத்தில் வசனம் தொடர்ந்தது என்பதை நம்மால் எளிதில் விழுங்க முடியவில்லை. நடிகர்கள் மீது மட்டும் குற்றமில்லை. அவர்கள் அறியாமலே பேசினார்கள்.

பின்னர் ஒளிநாடா பரவி, நேரடி நாடகம் அருகிற்று. போல்ஸ் 1979-ல் தொடங்கிய ‘டு தி மேனர் பார்ன்’ தொடரில் பெரும்புகழ் பெற்று, 2022-ல் காலமானார்.