பேக்கப்பின் பதிவேட்டுக்கும் ஒரு பேக்கப்

2024 செப்டம்பர் 10-ஆம் தேதி காலை, சிங்கப்பூரின் கிழக்கே லோயாங்கில் உள்ள டிஜிட்டல் ரியால்ட்டி நிறுவனத்தின் தரவு மையத்தில் லித்தியம்-அயான் மின்கலங்கள் வெடித்துத் தீப்பிடித்தன. அலிபாபா கிளவுட் நிறுவனத்தின் சர்வர்கள் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தன. தீ முழுவதும் அடங்க ஒரு நாளுக்கு மேல் ஆனது. நனைந்த சாதனங்களைக் காயவைத்த பிறகே தரவை மீட்கும் வேலை தொடர முடியும் என்று அலிபாபா கிளவுட் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 14 அன்று வேறொரு தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் முடங்கின. சுமார் 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகள் அன்று நிறைவேறவில்லை.

இப்படிச் செய்தி வந்தால் எல்லோரும் கேட்பது, “பேக்கப் இருந்ததா?” என்றுதான். அதற்கு அடுத்த கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. எந்தக் கோப்பு எந்த டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்த பதிவேடு எங்கே இருந்தது?

அந்தப் பதிவேட்டைத்தான் கணினித் துறையினர் கேட்டலாக் என்கிறார்கள். பேக்கப் சர்வர் ஒவ்வொரு இரவும் பல கணினிகளிலிருந்து கோப்புகளை வாங்கி, பெரிய பெரிய தொகுதிகளாக டிஸ்கிலோ டேப்பிலோ எழுதுகிறது. கோப்பின் பெயர், நாள், எந்தக் கணினியிலிருந்து வந்தது, எந்தத் தொகுதியில் எத்தனையாவது இடம் என்ற விவரங்கள் தனியாக ஒரு டேட்டாபேஸில் சேர்கின்றன. 2024-ல் சிங்கப்பூர்த் துறைமுகம் 4 கோடிக்கும் அதிகமான இருபதடிப் பெட்டி அளவுக்குச் சரக்கைக் கையாண்டது. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்ற கணக்கு ஒருநாள் அழிந்துபோனால், பெட்டிகள் அத்தனையும் பத்திரமாக அங்கேயே இருந்தும் ஒன்றைக்கூட உரியவரிடம் கொடுக்க முடியாது. கேட்டலாக் இல்லாத பேக்கப்பும் அப்படித்தான்.

2000-ல் கெர்ன் சிபால்ட் தொடங்கிய பேகுலாவும் அதிலிருந்து பிரிந்து வளர்ந்த பேரியோஸும் இந்த முறையில் இயங்கும் இலவச மென்பொருள்கள். இவற்றை எழுதியவர்களுக்கு ஆபத்து முதலிலேயே தெரிந்திருக்கிறது. இரவு வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு, கேட்டலாக்கையே பேக்கப் எடுக்கும் ஒரு வேலை கடைசியாக ஓடும்படி மாதிரி அமைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். மற்ற வேலைகளுக்கு வரிசை எண் 10, இதற்கு 11. அன்றைய இரவின் விவரமும் சேர்ந்த பிறகே பதிவேடு நகலாக வேண்டும் என்பது கணக்கு.

எல்லாம் ஒரே கணினியில் இருந்த காலத்தில் இது ஒழுங்காக நடந்தது. 2013-ல் டாக்கர் என்ற மென்பொருள் வந்து, ஒவ்வொரு நிரலையும் தனித்தனி அறையில் அடைத்து ஓட்டும் கண்டெய்னர் முறை பரவிய பிறகு நிலைமை மாறியது. மேலாளர் ஒரு கண்டெய்னரில், டேட்டாபேஸ் இன்னொன்றில், டிஸ்கில் எழுதுபவர் மூன்றாவதில், கோப்பைப் படித்துக் கொடுப்பவர் நான்காவதில். ஒரு கண்டெய்னருக்குள் எழுதியது, ஏற்பாடு செய்யாவிட்டால், மற்றொன்றின் கண்ணில் படாது. கண்டெய்னரை நீக்கிப் புதிதாக எழுப்பினால் உள்ளே எழுதியதும் போய்விடும். வெளியே வால்யூம் என்ற தனிச் சேமிப்பிடத்தில் வைத்ததுதான் மிஞ்சும்.

கேட்டலாக் வேலை தடுக்கி விழும் இடம் இதுதான். மேலாளர் கண்டெய்னர் டேட்டாபேஸை ஒரு எஸ்கியூஎல் கோப்பாக இறக்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது. பிறகு, “அந்தக் கோப்பை எடுத்துக் கொடு” என்று படிப்பவரிடம் சொல்கிறது. படிப்பவரோ வேறு கண்டெய்னரில் இருக்கிறார். அவர் அதே பாதையில் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், வேலை தோற்றதாக அறிக்கை வராது. கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி நடுவில் எங்கோ இருக்க, கடைசியில் “எச்சரிக்கைகளுடன் பேக்கப் சரி” என்று முடியும். காலையில் பத்து அறிக்கைகளை அவசரமாகப் புரட்டுபவர் “சரி” என்ற சொல்லோடு நின்றுவிடுவார். இரண்டு கண்டெய்னர்களுக்கும் பொதுவான ஒரு வால்யூமில் அந்தக் கோப்பை இறக்கச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

இறக்கும் கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. பேரியோஸின் கேட்டலாக் தங்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி-டம்ப், தன்னைவிடப் புதிய தலைமுறை சர்வரைத் தொட மறுக்கும். டேட்டாபேஸ் கண்டெய்னரை மட்டும் புதுப்பித்துவிட்டு மேலாளரைப் பழையபடி விட்டால் அன்றிரவே நகல் நின்றுவிடும். இப்படிப் பதிப்பு பொருந்தாமல் போவது உலகமறிந்த ஒரு நிறுவனத்துக்கே நடந்தது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப்போனபோதுதான் தெரிந்தது: சர்வர் 9.6, பிஜி-டம்ப் 9.2. நகலே உருவாகியிருக்கவில்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரம் முந்தைய வேறொரு நகலை வைத்து மீண்டார்கள். நடந்ததை மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டது மற்றவர்களுக்குப் பேருதவி.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் இருக்கிறது. கணினித் தமிழின் தொடக்க ஊர்களில் ஒன்று சிங்கப்பூர். நா. கோவிந்தசாமி 1995-லேயே இங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997-ல் தமிழ் இணைய மாநாடும் இங்கே நடந்தது. யூனிகோட் பரவுவதற்கு முந்தைய அந்த ஆண்டுகளில் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு. பழைய அச்சகங்களிலும் சங்க அலுவலகங்களிலும் அந்தக் குறியீட்டில் பெயரிட்ட கோப்புகள் லினக்ஸ் சர்வர்களில் தங்கியிருந்தால், அந்தப் பெயர்கள் இன்றைய யூனிகோட் விதிக்கு உட்படாத வெறும் பைட்டுகள். அதனால்தான் பேரியோஸ் தன் கேட்டலாக்கை எதையும் சோதிக்காமல் அப்படியே ஏற்கும் எஸ்கியூஎல்-ஆஸ்கி முறையில் உருவாக்கச் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ் கண்டெய்னரோ தானாக விட்டால் யூனிகோட் விதியைச் சோதிக்கும் யூடிஎஃப்-8 டேட்டாபேஸைத்தான் உருவாக்கும். பேரிடர் நாளில் அவசரமாக எழுப்பிய அந்த டேட்டாபேஸில் கேட்டலாக் நகலை ஏற்றினால், விதிக்கு ஒவ்வாத ஒரே ஒரு பெயர் போதும், கோப்புப் பட்டியல் முழுவதும் ஏறாமல் நின்றுவிடும்.

சிங்கப்பூரின் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் இருக்கும் நகைக்கடை, மளிகை மொத்த வியாபாரம், கணக்காளர் அலுவலகம் போன்ற இடங்களில் தனிக் கணினிப் பிரிவு இருக்காது. மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் ஒருவர்தான் எல்லாம். கடைக்குப் பின்னால் சின்ன சர்வர், அதில் நான்கைந்து கண்டெய்னர்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு முகவை 2022-ல் கொண்டுவந்த சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழ் இவர்களைப் போன்ற சிறு நிறுவனங்களையும் மனத்தில் வைத்ததுதான். முக்கியத் தரவை நகலெடுத்து, நெட்வொர்க்கிலிருந்து விலக்கி வைக்கச் சொல்கிறது அது. அப்படி விலக்கி வைக்கும் பெட்டியில் கேட்டலாக் நகலுக்கும் இடம் வேண்டும். கூடவே பேக்கப் சர்வரின் அமைப்புக் கோப்புகள், கண்டெய்னர்களை எழுப்பும் கோப்பு, ஓடிய பதிப்பு எண்கள், குறியாக்கச் சாவி எல்லாம் வேண்டும். சாவியும் எரிந்த சர்வரிலேயே இருந்தால் மற்றவை இருந்தும் பயனில்லை.

இன்னொரு சிறிய கோப்பும் உண்டு. பூட்ஸ்டிராப் என்று பெயர். கேட்டலாக் நகல் எந்தத் தொகுதியில், எந்த இடத்தில் கிடக்கிறது என்பதைச் சில வரிகளில் சொல்லும். பேரியோஸ் மாதிரி அமைப்பு அதை மின்னஞ்சலில் அனுப்புகிறது. கண்டெய்னருக்குள் அஞ்சல் வசதி வைக்காதவர்களுக்கு அது வந்து சேராது. பூட்ஸ்டிராப் கையில் இருந்தால் பதிவேட்டை நேராக எடுத்துவிடலாம். கேட்டலாக் நகலே இல்லையென்றால் பி-ஸ்கேன் என்ற கருவியைக் கொண்டு எல்லாத் தொகுதிகளையும் முதல் பைட்டிலிருந்து கடைசிவரை படித்துப் பதிவேட்டைத் திரும்ப எழுத வேண்டும். டேப் பெட்டிகள் நிறைய இருந்தால் அது நாள்கணக்கில் ஓடும். அதுவரை கடை காத்திருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை கணினிக்காரர் வரும்போது, கடைக்காரர் அவரிடம் அரைநாள் கேட்டு வாங்கலாம். ஒன்றுமில்லாத வேறொரு கணினி, வெளியே வைத்த அந்தப் பெட்டி, இவை மட்டும். பழைய சர்வரைத் தொடக்கூடாது. முதலில் எஸ்கியூஎல்-ஆஸ்கி டேட்டாபேஸ், பிறகு கேட்டலாக், பிறகு போன தீபாவளிக் கணக்கிலிருந்து ஒரு கோப்பு. அது திறக்கிறதா என்று இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் எங்கே சிக்கியது என்பதையும் தாளில் எழுதி அந்தப் பெட்டியிலேயே போடட்டும்.