கோப்புக்குக் கோப்பு தாவும் வைரஸ்



சென்ற செமஸ்டரில் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்கப் படூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். திரும்பி வந்து லேபில் பென்டிரைவைப் போட்டால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. மூன்று மாத உழைப்பும் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். லேப் அசிஸ்டென்ட் சார்தான், "ஒண்ணும் அழியலப்பா, ஒளிச்சு வச்சிருக்கு" என்று மீட்டுக் கொடுத்தார்.

ஒளித்து வைத்தது ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஃபைல்! ஸ்கிரிப்ட் என்பது சி புரோகிராம் மாதிரி கம்பைல் செய்து ஓட்டுவதல்ல. நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்து. அதைப் படித்து, சொன்னதைச் செய்ய விண்டோஸிலேயே ஒரு புரோகிராம் உண்டு. எழுத்தாக இருப்பதால் காப்பி அடிப்பதும் சுலபம். வைரஸ் செய்வது மூன்றே வேலை:

1. தான் இருக்கும் ஃபைலைத் திறந்து, தன்னையே படித்துக்கொள்ளும்.
2. தன் இனத்து ஃபைல்களைத் தேடும்.
3. அவற்றில் தன்னை ஒட்டிவிடும், அல்லது உள்ளே இருந்ததை அழித்துவிட்டுத் தன்னை எழுதிவிடும்.

அந்த ஃபைலை யாராவது திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம்!

இந்தியாவில் பிறந்ததாகக் கருதப்படும் 'ஜோஷி' வைரஸ் (1990) பிளாப்பியின் பூட் செக்டாரில் ஒளிந்திருந்தது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வேறு ரகம். காதல் கடிதம் என்ற பெயரில் ஈமெயிலில் வந்தது. ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துவிடுவதால், ஸ்கிரிப்ட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகத் தெரிந்தது. திறந்தவரின் வி.பி.எஸ்., ஜே.எஸ். ஃபைல்களோடு படங்களின் மீதும் தன்னை எழுதியது. முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பியது.

எழுதியவர் ஓனெல் டி குஸ்மான், நம்மைப் போல கம்ப்யூட்டர் படித்த இளைஞர். இன்டர்நெட்டுக்குக் கட்டக் காசில்லாமல், அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடவே எழுதினாராம்! அப்போது அந்த நாட்டில் அதற்குச் சட்டம் இல்லாததால் தப்பினார். நம் நாட்டில் அப்படியல்ல: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. காசில்லாத கஷ்டம் நமக்கும் தெரியும். ஆனால் அவருடைய புரோகிராம் அழித்தது யார் யாருடைய உழைப்பையோ!

எனவே நண்பர்களே, ஃபைல் பெயரை முழுசாகக் காட்டும்படி செட்டிங்கை மாற்றுங்கள். ஷார்ட்கட் தெரிந்தால் கிளிக் செய்யாதீர்கள். முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ரிப்போர்ட்டுக்கு இன்னொரு காப்பி வைத்திருங்கள்.

வருமுன் காப்போம்!