சீட்டு இல்லாமல் கிடைக்கும் தூக்கம்

டாக்டர் சீட்டு கேட்காமல் கடையில் தரும் தூக்க மாத்திரை சாதுவானது, சீட்டு கேட்பது ஆபத்தானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்க மருந்துக்கடைகளின் அலமாரியைப் பார்த்தாலே இது ஆட்டம் காணும். அங்கே சீட்டின்றி விற்கும் தூக்க மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் இருப்பது டைஃபென்ஹைட்ரமின் அல்லது டாக்ஸிலமின். இரண்டும் ஒவ்வாமைக்குத் தரப்படும் பழைய மருந்துகள். அவற்றால் வரும் மயக்கமே இங்கே சரக்காகிவிட்டது. அந்த மயக்கத்துக்கு உடல் சில நாள்களிலேயே பழகிவிடும். வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் பிரியாமை, முதியவர்களுக்கு மனக்குழப்பம் ஆகியவையோ தொடரலாம். அதனால்தான் 65 வயதைக் கடந்தவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கான பியர்ஸ் பட்டியலில் இவை இருக்கின்றன. மெலடோனின் அங்கே வெறும் துணை உணவு. 2023-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வில் 25 மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்தார்கள்; 22-ல் லேபிளில் போட்டிருந்த அளவு சரியாக இல்லை.

அப்படியானால் சீட்டு மாத்திரை மேலா? சான்று அதற்குக் கூடுதல், பலனோ அளவானது. சோல்பிடெம் வகை மருந்துகள் பற்றி 2012-ல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, வெற்று மாத்திரையைவிட சுமார் 22 நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது. விலையும் உண்டு. மறுநாள் காலையிலும் மருந்து ரத்தத்தில் தங்கி வண்டி ஓட்டுவதைப் பாதிப்பதால், பெண்களுக்கான சோல்பிடெம் அளவை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-ல் பாதியாக்கியது. தூக்கத்திலேயே நடப்பது, கார் ஓட்டுவது போன்றவற்றுக்காக 2019-ல் கட்டமிட்ட எச்சரிக்கையும் சேர்த்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டி டைஃபென்ஹைட்ரமினையும் மெலடோனினையும் தூக்கமின்மைக்கு வேண்டாம் என்கிறது. சோல்பிடெம், குறைந்த அளவு டாக்ஸெபின் முதலியவற்றுக்குக் கொடுப்பதும் அரைமனது ஆதரவுதான்.

சீட்டு மாத்திரை அடிமையாக்கும், கடை மாத்திரை அப்படியல்ல என்பார்கள். அல்பிரசோலம் போன்ற சீட்டு மருந்துகளில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டாக்ஸெபினும் ரமெல்டியானும் சீட்டு மருந்துகளாக இருந்தும் போதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. டாக்டரிடம் போகச் செலவாகும், ஓரிரு இரவுக்கு எதற்கு என்பதும் சரியே. ஓரிரு இரவுக்குப் பெரும்பாலான இளவயதினர் கடை மாத்திரையால் கெட்டுப்போக மாட்டார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள் என்று அந்தப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது.

சீட்டின் உண்மையான மதிப்பு மாத்திரையின் வீரியத்தில் இல்லை. அதை எழுதுமுன் கேட்கப்படும் கேள்விகளில் இருக்கிறது. குறட்டையோடு மூச்சு அடைக்கிறதா, மனச்சோர்வா, வேறு மருந்தின் விளைவா? எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது? இந்தியாவில் அல்பிரசோலமும் சோல்பிடெமும் எச்1 பட்டியலில் இருப்பதால், நோயாளியின் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏன் தூக்கம் வரவில்லை என்று அந்தப் பதிவேடு கேட்காது. கேள்வி கேட்காமல் எழுதப்படும் சீட்டும் கடை மாத்திரைக்குச் சமம்தான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே அல்ல, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது. படுக்கும் நேரத்தையும் பழக்கத்தையும் திருத்தும் அந்தச் சிகிச்சைக்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதன் பலனோ சிகிச்சை முடிந்த பிறகும் நிற்கிறது.