மூவர் உச்சியில், இருவர் ஏரிக்கரையில்

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். மெதுவாக நடந்தாலும் சீக்கிரமே உச்சிக்குப் போய், படம் எடுத்துக்கொண்டு, கீழே இறங்கிப் பராட்டா சாப்பிட்டுவிடலாம். மலை என்றால் அதுதான் என்று வளர்ந்த நாங்கள் ஐந்து பேர், சென்ற டிசம்பர் விடுமுறையில் 3,810 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாவில் ஏறப் புறப்பட்டோம். அதுவும் குளிர்காலத்தில்.

கேதார்காந்தா இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில், உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. இமயமலையின் பல பாதைகள் குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும். இந்தப் பாதையில் அனுபவமில்லாதவர்களும் வழிகாட்டியோடு ஏறலாம் என்பதால் டிசம்பரிலிருந்து கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சமூக ஊடகப் படங்களில் தெரியும் ஆளில்லாத வெண்பனிப் பரப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முகாமில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள் இருக்கும். குழிவெட்டி அமைத்த கழிவறைக் கூடாரத்துக்கு முன்னும் வரிசை இருக்கும். அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

நாங்கள் ஐவரும் பல்துறைத் தொழிற்கல்லூரியின் இந்தியக் கலாசார மன்றத்தில் ஒன்றாக இருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு பல்கலைக்கழகம், ஆளுக்கொரு தேர்வு அட்டவணை. தாதிமை படிக்கும் தோழியை எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்போம். கணக்கியல் படிப்பவன் ஒருவன். வடிவமைப்புப் படிப்பவள் ஒருத்தி. ஐந்தாமவன் ‘கமாண்டோ’. தேசிய சேவையில் அவன் அந்தப் பிரிவில் இருந்ததில்லை. அவன் நடக்கிற நடைக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அரை மாரத்தான் ஓடுபவன். எங்களில் ஆகக் கட்டுறுதியானவன்.

இரண்டு மாதம் பயிற்சி செய்தோம். மலை இல்லாத ஊரில் மாடிப்படிதான் மலை. முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு எங்கள் புளோக்கின் 16 மாடிகளையும் நான் ஏறி இறங்கியபோது, 9ஆம் மாடி ஆன்ட்டி கதவைத் திறந்து, “மின்தூக்கி கெட்டுப்போச்சாம்மா?” என்று கேட்டார். இந்தப் பயிற்சி காலுக்கும் மூச்சுக்கும் நல்லது. ஆனால், உயரத்தில் காற்று மெலிந்திருப்பதற்கு இது பயிற்சி ஆகாது. அதைப் பிறகு கண்ணால் பார்த்தோம்.

பயணத்துக்கு முன்பு செய்யவேண்டிய இன்னொன்று, காப்புறுதிப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம்வரை படிப்பது. சில பயணக் காப்புறுதிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேறினால் பொருந்தா. மிஸ்ஸிதான் அதைப் படித்து, வேறு திட்டத்துக்கு எங்களை மாற்றினாள்.

டேராடூனிலிருந்து அடிவார ஊரான சாங்க்ரிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இங்கிருந்து மலாக்கா போவதைவிடக் குறைவான தூரம். ஆனால், மலைச்சாலை வளைவுகளில் அதற்குக் காலை முதல் மாலை வரை ஆனது. நைட்வார் என்ற இடத்தில் ரூபின், சூபின் என்ற இரு ஆறுகள் சேர்ந்து டோன்ஸ் ஆறாகின்றன. வண்டி அங்கே நின்றபோது எங்களில் இருவர் ஆற்றைப் பார்க்கும் நிலையில் இல்லை. சாலையோரம் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாங்க்ரி 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். மரவீடுகள், ஆப்பிள் தோட்டங்கள், பின்னால் தேவதாருக் காடு. அங்கே எங்கள் வழிகாட்டியைச் சந்தித்தோம். எல்லாரும் அவரை ‘பையா’ என்று அழைத்தார்கள். இந்தியில் அண்ணன் என்று பொருள். நம் காதுக்கோ ஏதோ சின்னப் பையனை அதட்டுவதுபோல் இருக்கும். முதல் நாள் முழுக்கத் தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டோம்.

அவர் முதலில் எங்கள் பைகளைத் திறக்கச் சொன்னார். பருத்திச் சட்டைகளையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்தார். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நடை நின்றதும் அந்த ஈரமே உடம்பின் சூட்டை இழுத்துவிடும். நம் ஊரில் வியர்ப்பது இயல்பு. வியர்க்காவிட்டால்தான் மருத்துவரிடம் போவோம். மலையில் வியர்க்கத் தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும், நின்றவுடன் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஈரத்தை வெளியேற்றும் மெல்லிய சட்டை, நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், மேலே காற்றைத் தடுக்கும் மேலங்கி. நாள் முழுவதும் இந்தக் கழற்றலும் மாட்டலும்தான். தாகமும் எடுக்காது. எடுக்காவிட்டாலும் நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் குடிக்க வேண்டும் என்றார். ஐஸ் மைலோ ஞாபகம் யாருக்கும் வரவில்லை. எல்லாரும் வெந்நீரே குடித்தோம்.

முதல் நாள் நடை 2,770 மீட்டரில் உள்ள ஜூடா கா தாலாப் என்ற ஏரிவரை. காட்டுப் பாதையில் பாதித் தூரம் தாண்டியதும் பனி தொடங்கியது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றோட்டங்கள்தாம் குளிர்காலத்தில் இந்த மலைகளுக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. அதே டிசம்பரில் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். புதுப்பனியில் நடப்பது மணலில் நடப்பதுபோல் இருந்தது. பலர் மிதித்து இறுகிய பனிதான் ஆபத்து. அது கண்ணாடிபோல் வழுக்கும். காலணிக்கு அடியில் இரும்புப் பற்கள் கொண்ட மைக்ரோஸ்பைக்ஸை மாட்டிக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து நடந்தோம்.

சாங்க்ரியிலிருந்தே ஒரு கறுப்பு நாய் எங்களோடு வந்தது. மலைப்பாதைகளில் இது வழக்கமாம். சுவர்க்காரோகிணிச் சிகரம் மேலே போனால் தெரியும், பாண்டவர்கள் விண்ணுலகம் போனதாகச் சொல்லப்படும் வழி அது என்று பையா சொன்னார். உடனே கணக்கியல் நண்பன், “நாம அஞ்சு பேரு, நாயும் இருக்கு. தருமர் யாரு?” என்றான். “நான்தான்” என்று கமாண்டோ முன்னால் போனான். அந்தக் கதையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுவார்கள் என்பதை அப்போது யாரும் பேசவில்லை.

ஏரி உறைந்திருந்தது. இரவில் வெந்நீர்ப் போத்தலைக் காலுறைக்குள் போட்டு உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டோம். கைப்பேசி, மின்கலன், வடிவமைப்புத் தோழியின் கண்வில்லைப் பெட்டி எல்லாமே உறக்கப்பைக்குள்தான். குளிரில் மின்கலன் சீக்கிரம் தீர்ந்துவிடும். கண்வில்லைத் திரவம் உறைந்துவிடும்.

இரண்டாம் நாள் பிற்பகல் 3,430 மீட்டரில் உள்ள முகாமை அடைந்தோம். அன்றுதான் பிரச்சினை வந்தது.

கமாண்டோ வழக்கம்போல் முதலில் போய்ச் சேர்ந்திருந்தான். நாங்கள் போனபோது கூடாரத்துக்கு வெளியே பையின்மேல் உட்கார்ந்திருந்தான். பேசவில்லை. சாப்பாடு வந்தது, தொடவில்லை.

“தலை வலிக்குதா?” என்று மிஸ்ஸி கேட்டாள்.

“லேசா. எல்லாருக்கும் வலிக்கும்.”

“ஏன் சாப்பிடல?”

“பசிக்கல.”

“நீ பசிக்கலன்னு சொல்லி நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல.”

கொஞ்ச நேரத்தில் அவன் வாந்தி எடுத்தான். பையா வந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தார். அந்த எண்ணைவிட அவர் கேட்ட கேள்விகள்தாம் அதிகம்: நேற்று தூங்கினாயா, எத்தனை முறை சிறுநீர் கழித்தாய், நிற்கும்போது தலை சுற்றுகிறதா? ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தான். தள்ளாடியிருந்தால் மூளையில் நீர்கோத்திருக்கலாம் என்று அர்த்தம். அது உயிருக்கே ஆபத்து என்று மிஸ்ஸி என் காதருகே சொன்னாள்.

இது உயர நோய். கேதார்காந்தா உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழக நாள்கள் தேவை. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்பது மருத்துவர்களின் பரிந்துரை. கடல்மட்ட ஊரிலிருந்து போகிறவர்கள் வழியில் கூடுதலாக ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுவது நல்லது. அதைவிட முக்கியம், கட்டுறுதியான உடம்பை இந்த நோய் விட்டுவிடுவதில்லை. படி ஏற மூச்சு வாங்கும் எனக்கு ஒன்றும் இல்லை. 21 கிலோமீட்டர் ஓடுபவனுக்கு வந்தது. வேகமாக ஏறுபவர்களுக்கே ஆபத்து அதிகம். தலைவலியை வெளியே சொல்லாமல் மறைப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தாம்.

“நாளைக்கு மெதுவா வரேன்” என்றான் கமாண்டோ.

பையா குரலை உயர்த்தவில்லை. இருட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்றார். இப்போது புறப்பட்டால் அவன் தன் காலால் நடந்து ஏரிக்கு இறங்கலாம். நள்ளிரவில் மோசமானால் அவனைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும், இந்தப் பனியில். துணை வழிகாட்டியை அழைத்து விளக்கை எடுத்துவரச் சொன்னார்.

இந்தப் பயணத்துக்காக ஒரு வருடம் வார இறுதிகளில் சைக்கிளில் உணவு விநியோகம் செய்து காசு சேர்த்தவன் அவன். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. “எல்லாரும் இறங்கிடலாம்” என்றான் கணக்கியல் நண்பன். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால், கமாண்டோவின் முகம் இன்னும் இருண்டது. தன்னால் நால்வரின் பயணமும் கெட்டது என்ற பாரத்தையும் அவன் சுமக்க வேண்டுமா?

மிஸ்ஸி அதற்குள் கூடாரத்துக்குள் போய்த் தன் பையைக் கட்டிவிட்டாள்.

“எனக்கு இந்தக் குளிர் தாங்கலடா. நான் ஏரிக்கு இறங்கறேன். தனியாப் போக பயமா இருக்கு, துணைக்கு வரியா?”

முதல் இரவில் கையுறைகூடப் போடாமல் எங்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றியவள் அவள். குளிர் தாங்கவில்லை என்பது பொய் என்று அவனுக்கும் தெரியும். ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து காலணியைக் கட்டினான். துணை வழிகாட்டி முன்னால் போக, இருவரும் இறங்கினார்கள். நாயும் அவர்கள் பின்னால் போய்விட்டது.

‘பேசாமல் இரு, கீழே போ’ என்று அவள் அதட்டியிருந்தால் அவன் இன்னும் அரை மணி நேரம் வாதாடியிருப்பான். அந்த அரை மணி நேரம் வெளிச்சத்தில் கழிய வேண்டியது. மருத்துவமனைப் பயிற்சியில் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்களா என்று பிறகு கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தாள்.

மறுநாள் அதிகாலை மூன்றரை மணிக்கு மூவராகப் புறப்பட்டோம். தலைவிளக்கு வெளிச்சத்தில் முன்னால் நடப்பவரின் குதிகால் மட்டும் தெரிந்தது. பையா காலால் பனியை உதைத்துப் படி அமைத்துக்கொண்டே போக, அதில் கால் வைத்து நடந்தோம். பத்து அடி நடை, நான்கு மூச்சு. மீண்டும் பத்து அடி. கண்ணிமை மயிரில்கூடப் பனித்துகள் ஒட்டியது. கடைசிச் சரிவில் ஆள்வரிசை. வாரயிறுதியில் பபிள் டீ கடை முன்னால் நிற்பதுபோல் நின்றுதான் ஏறினோம்.

உச்சியில் சிவனுக்கு நட்ட சூலமும் கொடிகளும் இருந்தன. சூரியன் வந்தபோது வடகிழக்கில் சுவர்க்காரோகிணி முதலில் சிவந்தது. பிறகு பந்தர்பூஞ்ச், காலாநாக் என்று பையா ஒவ்வொன்றாகக் காட்டினார். வடிவமைப்புத் தோழி அழுதாள். கண்ணீர் கன்னத்தில் சில்லிட்டது என்று புகாரும் சொன்னாள். ஐந்து பேர் பெயரும் எழுதிய துணிப் பதாகையைக் கொண்டுபோயிருந்தோம். ஐந்து பேர் பிடிக்கத் தைத்தது. மூவர் பிடித்தபோது ஓரம் தொங்கியது. பையா வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். காற்று வேகமாக இருந்ததால் கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே நிற்கவில்லை.

இறங்கும்போது பாதித் தூரம் உட்கார்ந்தபடி சறுக்கியே வந்தோம். பகல் ஒரு மணியளவில் ஏரி தெரிந்தது. கமாண்டோ அடுப்பின் அருகே இரண்டாவது தட்டு மேகி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். 600 மீட்டர்போல் இறங்கியதுமே தலைவலி குறைந்து, இரவு நன்றாகத் தூங்கியிருக்கிறான். நாய் அவன் காலணியின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

“மேலே எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான்.

என்ன சொல்வதென்று நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “கூட்டம்” என்றான் கணக்கியல் நண்பன்.

“பொய் சொல்லாதீங்கடா. எல்லாப் படத்தையும் காட்டுங்க.”

கைப்பேசியை எடுத்துக் கொடுத்தோம். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தான். மிஸ்ஸி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பதாகையை யாரு இப்படிக் கோணலாப் பிடிச்சது?” என்று கேட்டாள். பிறகு ஏரிக்கரையில் அதை மறுபடி விரித்து, ஐந்து பேரும் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு சாங்க்ரிக்கு இறங்கினோம்.