கொடை மேடையும் பாட்டின் பாத்தியதையும்

தாமிரபரணிக் கரையில், பழந்தாழிகள் புதைந்து கிடந்த ஆதிச்சநல்லூர்ப் பறம்பைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமுமே ஒரு காலத்தில் பிரதானம். அவை இன்றும் அறவே மறைந்துவிடவில்லை. ஆயினும் வாலிபர் கூட்டம் சேருவது சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கே. அதற்கு முன்னர் பல வாத்தியக்காரர்கள் வேண்டியிருந்தனர். இப்பொழுது ஒரு மடிக்கணினியும் இரண்டு பாடகர்களும் போதும்; குழுவினர் தம் வீட்டில் கீபோர்டில் வாசித்துப் பதிந்துகொண்ட கரோக்கிப் பின்னணி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வேலையிழந்த வாத்தியக்காரரின் கதி தனியே எழுத வேண்டிய விஷயம்.

“நாமே வாசித்தது, நாமே பதிந்தது, இதில் பிறருக்கு என்ன பாத்தியதை?” என்பது இக்குழுவினரின் வாதம். இதில் பாதிதான் சட்டத்துக்குப் பொருந்தும். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு சினிமாப் பாட்டில் சாகித்யம், வர்ணமெட்டு, ஒலிப்பதிவு என மூன்று தனிச் சொத்துக்களைக் காண்கிறது. கம்பெனியின் பதிவைத் தொடாது தாமே வாசித்தவர் மூன்றாவதிலிருந்து மட்டுமே தப்பினார். முதலிரண்டும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும், அல்லது அவர்களிடம் உரிமை பெற்றவருக்கும் உரியவை. அம்மெட்டைப் பதிவு செய்யவும் அனுமதி வேண்டும். அதைச் சபையில் இசைக்கவும் அனுமதி வேண்டும். ஆகவே வீட்டுப் பின்னணி ஒரு பிழையைத் தவிர்க்கப்போய் வேறொன்றை வரவழைக்கிறது! அறிந்தே மீறியவருக்கு 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைவாசமும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

விலக்குகள் இல்லாமலில்லை. கட்டணம் வாங்காத சபையோர் முன் அமெச்சூர் சங்கத்தார் பாடலாம். உண்மையான மதச் சடங்கிலும், கல்யாண வைபவத்திலும் பாடலாம். கூலி பேசி வரும் குழுவை அமெச்சூர் என்று கூற எந்த நீதிபதியும் துணியார். அம்மன் கொடை மதச் சடங்கென்பதில் ஐயமில்லை. நடுநிசியில் அம்மேடையில் பாடப்படும் காதல் பாட்டும் சடங்கைச் சேர்ந்ததுதானா என்று கேட்டால் விழாக் கமிட்டியார் என்ன விடை சொல்வர்?

2017ஆம் வருஷம் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கே இளையராஜாவின் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் சென்றது. தாம் பாடிப் புகழ்பெற்ற அப்பாடல்களை அந்த மேடைகளில் பாடுவதில்லை என அவர் அறிவிக்க நேர்ந்தது. இளையராஜாவைப் பலர் கடிந்தனர். நமக்கு அதில் சம்மதமில்லை. படத்துக்கென எழுதி இசையமைத்த பாட்டு பொதுவாகத் தயாரிப்பாளரின் உடைமையே என்று 1977இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, விற்றாலும் பறிபோகாத ராயல்டிப் பங்கு கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் கிட்டியது. இவ்வளவு தாமதமாய் வந்த நியாயத்தை ஏழைக் குழுக்களின் பெயரால் மறுப்பது முறையன்று.

இதே ஜில்லாவின் எட்டயபுரத்திற் பிறந்த பாரதியாரின் பாட்டுக்கும் இச்சங்கடம் நேர்ந்ததுண்டு. அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டொன்றைச் சேர்த்ததால் தகராறு கோர்ட்டு வரை சென்றது. தேசத்துக்கே பாடியவன் பாட்டுக்குத் தனியொருவர் சொந்தம் கொண்டாடுவதா என்ற கிளர்ச்சி எழுந்தது. 1949இல் சென்னை ராஜாங்கம் உரிமையை ஏற்று, பின்னர் பொதுவில் விட்டது.

சினிமாப் பாட்டையெல்லாம் ராஜாங்கம் வாங்கிப் பொதுவாக்கவியலாது, வாங்கவும் வேண்டியதில்லை. கவிஞர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரியதை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம், கிராமக் கொடைக்கென்று சொற்பமான ஒரே கட்டணத்தை நிர்ணயித்து, தமிழில் அச்சிட்டு, ஊராட்சி ஆபீசுகளிலேயே செலுத்த ஏற்பாடு செய்யட்டும். பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் வரி பிரிக்கும் விழாக் கமிட்டியார் இத்தொகையையும் அதே வரியிற் சேர்த்துக் கட்டட்டும். பாடவந்தவன் கூலியிற் பிடிக்க வேண்டாம்.